காலண்டரை வைத்து வானத்தில் சந்திரனையும் கிரகங்களையும் கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது, பூஜை அறையில் பஞ்சாங்கம் இருக்கிறது. ஜோதிடத்தில் உங்களுக்கு ஆர்வமில்லை. மொட்டை மாடிக்குப் போய்ச் சந்திரனையும் கிரகங்களையும் ஆண்டு முழுக்கப் பார்த்துவர ஆசை. அதற்கு இந்தத் தாள்கள் உதவுமா என்பது முதல் கேள்வி. போன் ஆப் சனியை ஒரு ராசியில் காட்டுகிறது, காலண்டர் இன்னொரு ராசியில் போட்டிருக்கிறது, உறவினர் வீட்டுப் பஞ்சாங்கமோ சனிப்பெயர்ச்சிக்கு வேறு தேதியைச் சொல்கிறது, எதை நம்புவது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதில் குழம்பித்தான் பலர் காலண்டரை ஓரமாக வைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சுருக்கமாகச் சொன்னால், உதவும். சந்திரனைப் பார்க்க எந்தக் காலண்டரும் போதும். கிரகங்களுக்குத் திருக்கணிதப்படி, அதாவது வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கின்படி, அச்சானது வேண்டும். நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். பள்ளிப் பிள்ளைகளையும் தெருக்காரர்களையும் மாடியில் கூட்டி வைத்து வானம் காட்டுவதைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன். அந்த வேலைக்கு நான் முதலில் கையில் எடுப்பது காலண்டர் தாளைத்தான். பலன்கள் பற்றி இங்கே எதுவும் பேசப்போவதில்லை. கிரகம் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

திதியிலிருந்து தொடங்குங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் எத்தனை பாகை என்பதைச் சொல்வதுதான் திதி. 12 பாகைக்கு ஒரு திதி, 30 திதிகளில் 360 பாகை முடிந்து மறுபடி அமாவாசை. அந்தச் சுற்றுக்கு ஆகும் காலம் 29.53 நாள். சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓடுவதால் ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் இழுக்கலாம். அதனால்தான் தாளில் "சதுர்த்தி மாலை 4.12 வரை, பின்பு பஞ்சமி" என்று முடியும் நேரத்தைப் போடுகிறார்கள். சூரிய உதயத்தில் இருக்கும் திதிதான் அந்த நாளின் திதி என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வானம் பார்க்கிறவருக்கு அது போதாது. சூரியன் மறையும் நேரத்தில் எந்தத் திதி ஓடுகிறது, அதில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அது தெரிந்துவிட்டால் மீதி வாய்க்கணக்கு. வானம் ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அப்படியானால் 12 பாகைக்கு 48 நிமிடம், அதாவது 2 நாழிகை. வளர்பிறையில், கழிந்த ஒவ்வொரு திதிக்கும் 2 நாழிகை வீதம் சூரியன் மறைந்தபின் சந்திரன் வானத்தில் இருக்கும். வளர்பிறைச் சதுர்த்தி முடியும் தறுவாயில் 8 நாழிகை, அதாவது 3 மணி 12 நிமிடம். அஷ்டமி பாதியில் இருக்கும்போது மாலையில் அரைநிலா உச்சி வானத்தில் நிற்கும், நள்ளிரவை ஒட்டி மறையும். பௌர்ணமிக்குப் பிறகு இதே கணக்கு உதயத்துக்குப் பொருந்தும்: கழிந்த ஒவ்வொரு திதிக்கும் 2 நாழிகை தாமதமாகச் சந்திரன் கிழக்கே எழும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் சந்திரனைப் பார்த்துவிட்டுச் சாப்பிட இரவு ஏறத்தாழ 9 மணி வரை காத்திருக்கிறார்கள் அல்லவா? தேய்பிறையில் மூன்றரைத் திதி கழிந்திருந்தால் 7 நாழிகை, 2 மணி 48 நிமிடம். சூரியன் 6.15-க்கு மறைந்தால் கணக்கு சரியாக வருகிறது. நம் அட்சரேகையில் இந்தக் கணக்கு அரைமணி வரை முன்பின் போகலாம். சூரியனும் சந்திரனும் போகும் பாதை அடிவானத்துக்குச் சாய்வாக இருப்பதும், அந்தச் சாய்வு மாதத்துக்கு மாதம் மாறுவதும்தான் காரணம். மாடியில் பாய் விரிக்க இந்தத் துல்லியம் தாராளம்.

மூன்றாம் பிறையும் இதே கணக்கில் அடங்கும். சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலகினால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சொல்கிறது. 12 பாகை என்றால் முழுசாக ஒரு திதி. பிரதமை முழுக்கக் கழியாமல் பிறையைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. தாளில் மாலைக்கு முன்பே பிரதமை முடிந்து துவிதியை ஓட ஆரம்பித்திருந்தால் மேற்கு அடிவானம் திறந்திருக்கும் இடமாகப் போய் நில்லுங்கள். சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். மேகமும் தூசியும் இருந்தால் மறுநாள்தான். 12 பாகை என்பது அனுபவத்தில் வந்த எல்லை; நல்ல வானத்தில் பழகிய கண்ணுக்கு அதற்குச் சற்று முன்பே தெரிவதும் உண்டு.

அடுத்தது நட்சத்திரம். திதி சூரியனிலிருந்து அளப்பது, நட்சத்திரம் விண்மீன்களை வைத்து அளப்பது. சந்திரன் 27.32 நாளில் விண்மீன்களுக்கு நடுவே ஒரு சுற்று வருகிறது. அந்தப் பாதையை 27 சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). சந்திரன் ஏறத்தாழ நாளுக்கு ஒரு நட்சத்திரம் தாண்டும். நம் பண்டிகைகளில் பாதி இந்த வரைபடத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், ஆவணி அவிட்டம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாமே அந்தந்த மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருபவை. முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் மாதம் ஒரு ராசி நகர்வதால் முழுநிலாவும் மாதம் ஒரு ராசி நகர்கிறது. ஆண்டு முழுக்க இந்தப் பண்டிகை இரவுகளில் மட்டும் மாடிக்குப் போனாலே ராசி வட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். 2025 டிசம்பர் 3 கார்த்திகை தீபத்தன்று மாலையில் நிலா கார்த்திகைக் கூட்டத்துக்கு மேற்கே இருந்தது. இரவெல்லாம் மணிக்கு அரைப் பாகை வீதம் நகர்ந்து, விடியற்காலையில் அதை ஏறக்குறைய ஒட்டிவிட்டது. அரைப் பாகை என்பது நிலாவின் சொந்த அகலம். மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை பார்த்தாலே நகர்வு தெரியும். முழுநிலா வெளிச்சத்தில் கார்த்திகை போன்ற மங்கலான கூட்டம் அமுங்கிவிடும். கையால் நிலாவை மறைத்துக்கொண்டு பாருங்கள், அல்லது இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தாளில் "சுவாதி" என்று போட்டிருக்கும் இரவில் சுவாதி விண்மீன் நிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத் தேடாதீர்கள். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுவாதி விண்மீன் சந்திரனின் பாதையிலிருந்து 3 முட்டி வடக்கே தனியாக நிற்கிறது. திருவோணமும் அப்படித்தான். நட்சத்திரம் என்று காலண்டர் சொல்வது சம அளவில் வெட்டிய துண்டை, விண்மீனை அல்ல. சில இடங்களில் பெயர் கொடுத்த விண்மீனே அந்தத் துண்டுக்குச் சற்று வெளியே விழுகிறது. திருவாதிரை அதற்கு ஓர் உதாரணம். அவிட்டம், ரேவதி போன்ற மங்கலானவற்றில் எந்த விண்மீன் என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. நம்பிப் பிடித்துக்கொள்ள 4 விண்மீன்கள் போதும்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. நாலும் பிரகாசமானவை, சந்திரன் போகும் பாதையை ஒட்டியே இருப்பவை. சில ஆண்டுகளில் சந்திரன் இவற்றை மறைத்தே போகும். ரோகிணியும் கேட்டையும் சிவப்பு கலந்த நிறம், சித்திரை நீலம் கலந்த வெள்ளை.

இனி ராசிக் கட்டம். மாதக் காலண்டரிலும் பஞ்சாங்கத்தின் மாதப் பக்கத்திலும் 12 கட்டம் போட்டு கிரகங்களை எழுதியிருப்பார்கள். பலர் இதை ஜாதகக் கட்டம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அது வானத்தின் படம்தான். முதலில் சூரியன் இருக்கும் கட்டத்தைப் பிடியுங்கள். தமிழ் மாதம் தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும்: சித்திரை என்றால் மேஷம், வைகாசி ரிஷபம், அப்படியே போய் மார்கழி தனுசு, தை மகரம். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் ஒவ்வொரு கட்டமாகப் போங்கள். ஒரு கட்டம் 30 பாகை, வானத்தில் 2 மணி நேரம். சூரியனுக்கு முன்னால் 2 கட்டம் தள்ளி ஒரு கிரகம் இருந்தால், சூரியன் மறைந்து ஏறத்தாழ 4 மணி நேரம் கழித்து அது மேற்கே மறையும். சூரியனிலிருந்து எண்ணி ஏழாம் கட்டத்தில் இருந்தால் அந்தியில் கிழக்கே எழுந்து இரவு முழுக்க இருக்கும். எட்டு, ஒன்பது என்றால் இரவில் தாமதமாக எழும். சூரியனுக்குப் பின்னால், அதாவது 12, 11-ஆம் கட்டங்களில் இருப்பவற்றை விடியற்காலையில் கிழக்கே பார்க்க வேண்டும். சூரியனோடு ஒரே கட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் வெளிச்சத்தில் மறைந்திருக்கும். கிரகம் கட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. அதனால் 1, 2 மணி நேரம் முன்பின் வரும். பஞ்சாங்கத்தில் பாகை கலையும் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. தெற்கு நோக்கி நின்றால் ராசிகள் வலமிருந்து இடமாக வரிசையாக வரும். கட்டத்தின் கீழ்வரிசையான கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு அதே போக்கில் இருக்கிறது. மேல்வரிசை எதிர்ப்போக்கில் இருப்பதால் அதை மட்டும் மனசில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஓர் இரவை எடுத்துச் செய்து காட்டுகிறேன். 2026 ஜனவரி 3, சனிக்கிழமை, மார்கழி 19, திருவாதிரை, பௌர்ணமி. திருக்கணிதப்படி அன்றைய கட்டத்தில் தனுசில் சூரியன், செவ்வாய், புதன், சுக்கிரன் என்று நாலு பேர். மிதுனத்தில் குரு, பக்கத்திலேயே சந்திரன். மீனத்தில் சனி. கும்பத்தில் ராகு, சிம்மத்தில் கேது. இதைப் படித்தவுடனே செவ்வாய், புதன், சுக்கிரன் மூன்றையும் தேட வேண்டாம், சூரிய வெளிச்சத்தில் கரைந்திருக்கின்றன என்று தெரிந்துவிடுகிறது. தனுசிலிருந்து எண்ணினால் மிதுனம் ஏழு. குரு மாலையில் எழுந்து இரவு முழுக்க இருக்கும். மீனம் நாலு, சனி அந்தியில் மேற்குப் பக்கம் உயரத்தில் இருந்து நள்ளிரவுக்கு முன் மறையும். அன்று இருட்டியபின் கிழக்கே பார்த்தால் முழுநிலா, அதன் அருகே மினுக்காமல் வெள்ளையாக ஒளிர்ந்த குரு, வலப்பக்கம் ஓரையன் என்ற விண்மீன் மண்டலத்தின் தோளில் சிவப்பாகத் திருவாதிரை விண்மீன், குருவுக்குச் சற்றுக் கீழே இடப்பக்கமாகப் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள். எல்லாம் தாளில் இருந்தபடியே. ஒரு வாரம் கழித்து ஜனவரி 10 அன்று குரு சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. ஆண்டின் மிகப் பிரகாசமான குரு அப்போதுதான்.

பஞ்சாங்கத்தில் கிரகத்தின் பக்கத்தில் வக்கிரம் என்று போடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. குரு, சனி, செவ்வாய் மூன்றும் சூரியனுக்கு எதிரே வரும் காலத்தில்தான் வக்கிரமாகும், அதாவது விண்மீன்களுக்கு நடுவே பின்னோக்கி நகர்வதுபோலத் தெரியும். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அவற்றை முந்திப் போவதால் வரும் தோற்றம் அது. குருவுக்கு ஏறத்தாழ 4 மாதம், சனிக்கு நாலரை மாதம், செவ்வாய்க்கு இரண்டரை மாதம். வானம் பார்க்கிறவருக்கு "குரு வக்கிரம்" என்பது நல்ல செய்தி: கிரகம் பூமிக்கு அருகில் இருக்கிறது, நெடுநேரம் தெரியும், டெலஸ்கோப்பைத் தூசி தட்டலாம். சுக்கிரனுக்கும் புதனுக்கும் இது தலைகீழ். அவை நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்போது வக்கிரமாகும், சீக்கிரம் வெளிச்சத்தில் மறைந்துவிடும். சுக்கிரன் சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் போகாது, புதன் 28 பாகையைத் தாண்டாது. அதனால் கட்டத்தில் சுக்கிரன் சூரியனுக்கு இரண்டு கட்டத்துக்கு மேல் தள்ளி இருப்பதையோ, புதன் ஒரு கட்டத்துக்கு மேல் தள்ளி இருப்பதையோ நீங்கள் பார்க்கவே முடியாது. அப்படி இருந்தால் அச்சுப் பிழை. "சுக்கிரன் மேற்கே அஸ்தமனம்", "கிழக்கே உதயம்" என்றும் பஞ்சாங்கத்தில் தேதி போடுவார்கள். அது தினசரி மறைவு இல்லை; சூரிய ஒளியில் கிரகம் மறைந்து பிறகு வெளிப்படுவது. இதற்கும் சூரிய சித்தாந்தம் எல்லை கொடுத்திருக்கிறது: குருவுக்கு 11 பாகை, சனிக்கு 15, செவ்வாய்க்கு 17, சுக்கிரனுக்கு 10, வக்கிரத்தில் 8. மங்கலான கிரகத்துக்கு அதிக இடைவெளி வேண்டும் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. இந்தத் தேதிகளைக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ராகு, கேது இரண்டையும் வானத்தில் பார்க்க முடியாது, ஆனால் அவற்றின் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருகின்றன. சூரியன் அவற்றில் ஒன்றை நெருங்கும்போது அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். ராகு கும்பத்திலும் கேது சிம்மத்திலும் இருந்தால் சூரியன் அங்கே வரும் மாசியையும் ஆவணியையும் ஒட்டிக் கிரகணம் வரும் என்று கட்டத்தைப் பார்த்தே சொல்லலாம். 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியா முழுக்கத் தெரிந்த முழுச் சந்திர கிரகணம் ஆவணி 22-இல் வந்தது. அதற்கு அடுத்த சந்திர கிரகணம் 2026 மார்ச் 3, மாசி 19. ஆனால் எந்த ஊரில் தெரியும், எத்தனை மணிக்கு என்பதைக் கட்டம் சொல்லாது. அதற்கு அச்சிட்ட கிரகண விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தமிழில் வரும் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என்று இரு வகை. வாக்கியத்தின் அடிப்படை, வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். 248 நாளில் சந்திரன் தன் பாதையில் பூமிக்கு மிக நெருங்கிய புள்ளிக்கு 9 முறை சுற்றி வந்துவிடுகிறது. நாளுக்கு ஒரு சிறு வாக்கியம், அதன் எழுத்துகளில் எண்கள் ஒளிந்திருக்கும். மனப்பாடமாக இருந்தால் ஏடு இல்லாமலே சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். இதைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்தே 1825 மே 31-ஆம் தேதிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகியது. ஆனால் அந்தச் சூத்திரம் சந்திரனின் பெரிய ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறது. சூரியனின் இழுப்பால் வரும் மற்றவற்றை விட்டுவிடுகிறது. விட்டதின் விளைவு அமாவாசை, பௌர்ணமியில் குறைவு, அஷ்டமியை ஒட்டி அதிகம். அங்கே 2 பாகைக்கு மேல் கூடப் பிசகும். திதி முடியும் நேரம் சில மணி நேரம் மாறும். கண்ணால் நிலாவைப் பார்ப்பதற்கு இது ஒரு பொருட்டில்லை. அதனால்தான் சந்திரனுக்கு எந்தக் காலண்டரும் போதும் என்றேன்.

சனி கதை வேறு. சராசரி வேகத்தில் ஒரு சிறு பிழை இருந்தால் அது நூற்றாண்டு கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், வானத்தைப் பார்த்துத் திருத்தினால் ஒழிய. சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. அன்றைக்குத் திருக்கணிதக் கணக்கில் சனி கும்பத்துக்குள் ஏறத்தாழ 8 பாகை போய்விட்டிருந்தது. ராசி எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கலாமே என்று கேட்பீர்கள். சித்திரை 1 இரண்டு பஞ்சாங்கத்திலும் அதே நாளை ஒட்டித்தான் வருகிறது, சூரியன் நாளுக்கு ஒரு பாகைதான் நகரும். ஆகவே தொடக்கப் புள்ளியில் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் கிடையாது. மீதி முழுவதும் சனியின் இடத்தில் உள்ள பிசகு. இதை நீங்களே சோதிக்கலாம். சந்திரன் மாதம் ஒருமுறை சனியைத் தாண்டிப் போகும். அந்த இரவில் நிலாவின் நட்சத்திரம் எதுவோ அதுதான் சனி நிற்கும் நட்சத்திரமும். 2025 செப்டம்பர் 8 இரவு நிலா சனிக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றிரவு பூரட்டாதி முடிந்து உத்திரட்டாதி நடந்தது. உத்திரட்டாதி முழுக்க மீனம். வாக்கியத்தில் அப்போது சனி கும்பத்தில். விழாவுக்கும் விரதத்துக்கும் கோவில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதோ அது அவர்கள் மரபு, அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. கிரகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் திருக்கணிதம்தான். பஞ்சாங்கங்கள் திருக்கணிதத்துக்கு மாற வேண்டும் என்று சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே போராடினார். ஒளி மாறும் ஒரு விண்மீனை 1867-இல் கண்டுபிடித்தவர் அவர். இன்று அரசின் ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. கொல்கத்தாவிலுள்ள நிலைவானியல் மையம் கணித்து வெளியிடுவது அது. ஒன்று வாங்கி வைத்தால் உள்ளூர்க் காலண்டரை ஒப்பிட வசதி.

போன் ஆப் சொல்வது மூன்றாவது கணக்கு. நம் ராசிகள் விண்மீன்களோடு கட்டப்பட்டவை, ஒவ்வொன்றும் 30 பாகை. மேற்கத்திய ஜோதிட ராசிகள் சூரியன் வடக்கே கடக்கும் சமநாளிலிருந்து தொடங்குபவை. அந்தப் புள்ளி 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை பின்னால் போவதால் இரண்டுக்கும் இப்போது 24 பாகைக்கு மேல் இடைவெளி. இதைத்தான் அயனாம்சம் என்கிறார்கள். மேகநாத் சாகா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21-க்கு அதை 23 பாகை 15 கலை என்று எடுத்துக்கொண்டது. வானியல் ஆப்கள் இரண்டையும் விட்டுவிட்டு, 1930-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வரைந்த விண்மீன் மண்டல எல்லைகளைக் காட்டுகின்றன. அவை சம அளவில் இல்லை. 12 ராசிகளில் சேராத பாம்பாட்டி மண்டலம் வேறு சூரியன் பாதையில் குறுக்கிடுகிறது. அதனால் ஆப் கும்பம் என்பதும் திருக்கணிதம் மீனம் என்பதும் ஒரே புள்ளியைக் குறிக்கலாம். ராசிப் பெயரை ஒப்பிடாதீர்கள். எந்த விண்மீனுக்குப் பக்கத்தில், சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று ஒப்பிடுங்கள். அப்போது ஆப்பும் திருக்கணிதமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆண்டு முடிந்ததும் பஞ்சாங்கத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுக்கிரன் 8 ஆண்டில் ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வரும். சூரியனுக்கும் நமக்கும் நடுவே அது வந்த தேதிகளில் ஒன்று 2018 அக்டோபர் 26. 8 ஆண்டு கழித்து 2026 அக்டோபர் 24. ஆகவே 8 ஆண்டுக்கு முந்தைய பஞ்சாங்கத்தில் சுக்கிரனின் உதய அஸ்தமனத் தேதிகளைப் பார்த்து 2 நாளைக் கழித்தால் இந்த ஆண்டுக்கு ஆச்சு. சந்திரனுக்கு 19 ஆண்டு: 2025 செப்டம்பர் 7 இரவு கிரகணம் வந்ததுபோல 2006 செப்டம்பர் 7 இரவும் சந்திர கிரகணம்தான், அது பகுதிக் கிரகணம். குருவும் சனியும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப 59 ஆண்டு. குருவின் 5 சுற்றும் சனியின் 2 சுற்றும் அதில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். நம் 60 ஆண்டுச் சுழற்சி அதற்கு மிக அருகில் இருக்கிறது. தாத்தா காலத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் யார் வீட்டிலாவது கிடைத்தால் 59 ஆண்டுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, குருவையும் சனியையும் இந்த ஆண்டுக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில பாகை வித்தியாசம்தான் இருக்கும்.